மன்றத்தில் கை உயர்வதற்கு முன்: நகர மன்றத் தீர்மானங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

நகர மன்றங்களில் வரும் முன்மொழிவுகள், எடுக்கப்படும் முடிவுகள் ஆகியவை குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பத் தென்பட்ட வருத்தம் ஒன்றுதான்: எல்லாம் முடிந்த பிறகே நமக்குத் தெரியவருகிறது என்பது. அந்த வருத்தத்தைத் தொட்டுச் செல்லும் கேள்விகளையே இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதவிப் பெயர்களும் சட்டப் பிரிவுகளும் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால், எல்லா நகரங்களுக்கும் பொதுவான நடைமுறையை ஒட்டியே பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: “பரிசீலனையில் உள்ளது”, “கொள்கையளவில் ஏற்கப்பட்டது”, “ஒப்புதல் அளிக்கப்பட்டது” என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. இவை ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா? (கல்லூரி மாணவி ஒருவர்)

இல்லை. இந்தச் சொற்களுக்கிடையில் சில வேளைகளில் பத்து ஆண்டு இடைவெளிகூட இருக்கும். ஒரு பாலம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பொறியியல் பிரிவு ஒரு குறிப்பு எழுதுகிறது. அது நிதிப் பிரிவுக்கும் சட்டப் பிரிவுக்கும் சென்று, தலைமை அதிகாரியின் கையொப்பம் பெற்று, உரிய நிலைக்குழுவுக்கு, அதாவது அந்தத் துறையைக் கவனிக்கும் சில உறுப்பினர்களின் குழுவுக்குப் போய், அதன் பரிந்துரையோடு மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளாக இடம்பெறுகிறது. அதுவரை அது வெறும் முன்மொழிவு. மன்றம் அதைக் கொள்கையளவில் ஏற்றால், பாலம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அதற்கென்று பணம் ஒதுக்கப்பட்டிருக்காது. பணம் ஒதுக்குவதற்குத் தனித் தீர்மானம் வேண்டும், நிலம் எடுப்பதற்குத் தனித் தீர்மானம் வேண்டும், ஒப்பந்தப்புள்ளியை ஏற்பதற்கு இன்னொன்று வேண்டும். ஆகவே ஒரே பாலம் நான்கைந்து முறை மன்றத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் “பாலத்துக்கு ஒப்புதல்” என்றே செய்தி வெளியாகும். உங்களுக்கு உண்மை நிலை தெரிய வேண்டுமானால், தீர்மானத்தின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து எவ்வளவு தொகை என்று அங்கே எழுதியிருந்தால் வேலை தொடங்கும் என்று நம்பலாம். எழுதியிருக்காவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: பார்வையாளர் பகுதியில் அமர்ந்து ஒரு கூட்டத்தைக் கவனித்தேன். அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் அரை மணி நேரத்துக்குள் விவாதமின்றி நிறைவேறின. உறுப்பினர்கள் அவற்றைப் படித்திருப்பார்களா? இது முறைதானா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

நீங்கள் நேரில் சென்று பார்த்ததே பெரிய காரியம். உங்கள் ஐயத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்பை உறுதிசெய்தல், ஊழியர் ஓய்வுப் பலன்கள், முன்பே ஒப்புக்கொண்ட பணிக்கான கால நீட்டிப்பு போன்றவை ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். இவற்றை ஒன்றாகத் தொகுத்து ஒரே வாக்கெடுப்பில் முடிப்பதைப் பல மன்றங்களின் விதிகளே அனுமதிக்கின்றன. அந்தத் தொகுப்பிலிருந்து ஏதேனும் ஒரு பொருளைத் தனியே எடுத்து விவாதிக்க வேண்டுமென்று உறுப்பினர் கோரலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் பாதுகாப்பு. ஆகவே வேகம் மட்டுமே குற்றமாகிவிடாது. தொகுப்பில் இருக்கக் கூடாத ஒன்று அதற்குள் புகுந்திருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அப்படிப்பட்ட வேகத்துக்கு ஒரு நகரம் கொடுத்த விலையை இங்கே சொல்லத்தான் வேண்டும். 2008ஆம் ஆண்டு டிசம்பரில் சிகாகோ நகரத்தின் மேயர், சாலையோர வாகன நிறுத்தக் கட்டண மீட்டர்கள் சுமார் 36,000த்தையும் 75 ஆண்டுகளுக்குத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடும் திட்டத்தை அறிவித்தார். நகரத்துக்குக் கிடைக்கும் தொகை சுமார் 115 கோடி டாலர். அறிவித்த இரண்டே நாளில் மன்றம் கூடி, 40க்கு 5 என்ற வாக்குகளில் அதை ஏற்றது. அடுத்த ஆண்டு அந்நகரத்தின் தலைமைக் கண்காணிப்பு அதிகாரி வெளியிட்ட அறிக்கை, மீட்டர்களை நகரமே வைத்திருந்தால் அவற்றின் மதிப்பு இதைவிட ஏறத்தாழ 97 கோடி டாலர் கூடுதலாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டது. பணத்தைவிட எனக்கு உறைப்பது ஒப்பந்தத்தின் இன்னொரு பகுதி. ஒரு தெருவைச் சீரமைப்புக்காகவோ விழாவுக்காகவோ நகரம் மூடினால், அங்குள்ள மீட்டர்கள் ஈட்டியிருக்கக்கூடிய வருவாயை நிறுவனத்துக்கு ஈடுகட்ட வேண்டும். மிதிவண்டிப் பாதை போடலாமா, பேருந்துக்குத் தனித் தடம் ஒதுக்கலாமா என்று இனிமேல் வரப்போகும் மன்றங்கள் யோசிக்கும்போதெல்லாம், 2008இல் கை உயர்த்திய நாற்பது பேர் அந்த அறையில் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். இன்னும் பிறக்காதவர்கள் ஆளப்போகும் காலத்தையும் கட்டிப்போடும் ஓர் ஒப்பந்தத்தைப் படிக்க இரண்டு நாள் போதும் என்று அந்த நாற்பது பேருக்கு எப்படித் தோன்றியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எனவே அறுபது பொருள்களையும் படிக்க நேரமில்லாவிட்டால், மூன்று வகையை மட்டும் தேடிப் பாருங்கள்: மன்றத்தின் பதவிக்காலத்தைத் தாண்டி நீளும் குத்தகைகளும் ஒப்பந்தங்களும், நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் பொருள்கள், “பின்னேற்பு” என்று முடிபவை. இந்தக் கடைசி வகையில் வேலை ஏற்கனவே நடந்து முடிந்திருக்கும். மன்றத்தின் ஒப்புதல் மட்டுமே பின்னால் வரும். வெள்ளம், தொற்றுநோய் போன்ற அவசரங்களில் அது தவிர்க்க முடியாதது. அவசரம் எதுவும் இல்லாதபோதும் பின்னேற்புகள் நீண்ட வரிசையாக வருமானால், அந்த மன்றம் முடிவெடுப்பதை நிறுத்திவிட்டு முத்திரை குத்தத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: எங்கள் வார்டு உறுப்பினர் ஒரு திட்டத்தை ஆதரித்து உருக்கமாகப் பேசினார். வாக்கெடுப்பில் எதிர்த்துக் கை உயர்த்தினார். இதை ஏமாற்று என்று கொள்ளலாமா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். இரண்டு நேர்மையான காரணங்கள் இருக்கக்கூடும்.

ஒன்று, திருத்தம். மூலத் தீர்மானத்தின் மீது யாரேனும் திருத்தம் கொண்டுவந்தால், திருத்தத்துக்கே முதலில் வாக்கெடுப்பு நடக்கும். அது வென்றுவிட்டால், பிறகு வாக்கெடுப்புக்கு வருவது மாறிப்போன தீர்மானம். ஒரு பூங்கா அமைக்கும் தீர்மானத்தில் “பூங்காவின் பாதியை வாகன நிறுத்தமாக்கலாம்” என்ற திருத்தம் சேர்ந்துவிட்டால், பூங்காவுக்காகப் பேசியவர் அதை எதிர்ப்பதே பொருத்தம். நடவடிக்கைக் குறிப்பில் “பூங்காத் தீர்மானத்தை எதிர்த்தார்” என்று மட்டும் பதிவாகியிருக்கும்.

மற்றது சற்று நுட்பமானது. அமெரிக்க இராணுவப் பொறியாளரான ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்பவர், 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டார். விதிமுறை தெரியாததால் கூட்டம் கட்டுமீறிப் போனது. அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்த ஆய்வை அவர் 1876இல் கூட்ட நடைமுறை விதிகளாக நூல் வடிவில் வெளியிட்டார். அமெரிக்காவில் பல நகர மன்றங்கள் இன்றும் அவற்றையோ அவற்றைத் தழுவிய விதிகளையோ பின்பற்றுகின்றன. அவ்விதிகளின்படி, முடிந்துபோன ஒரு வாக்கெடுப்பை மறுபரிசீலனை செய்யும்படி கோரும் உரிமை, வென்ற பக்கத்தில் வாக்களித்தவருக்கு மட்டுமே உண்டு. தன் திட்டம் தோற்கப்போகிறது என்று கண்ட உறுப்பினர், அதை மீண்டும் எழுப்பும் வாய்ப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே எதிர்த்து வாக்களிப்பதுண்டு. உங்கள் மன்றத்தில் இத்தகைய விதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு காரணமும் பொருந்தாவிட்டால் அவரிடமே நேரில் கேளுங்கள். வாக்காளரின் கேள்விக்கு விளக்கம் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

கேள்வி: பொதுமக்களையும் செய்தியாளர்களையும் வெளியேற்றிவிட்டுக் கூட்டம் நடத்த மன்றத்துக்கு உரிமை உண்டா? (சிறு பத்திரிகையொன்றின் செய்தியாளர்)

வரம்புக்குட்பட்டு உண்டு. நிலுவையில் உள்ள வழக்கில் நகரத்தின் வாதம், ஓர் ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, வாங்கப்போகும் நிலத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தரலாம் என்ற பேரம் ஆகியவற்றை மூடிய கதவுக்குப் பின்னால் பேசுவதில் நியாயம் இருக்கிறது. நகரம் எவ்வளவு தரத் தயார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், நில உரிமையாளர் அதற்குக் குறைவாக ஏன் ஒப்புக்கொள்வார்? ஆனால் பேசுவது உள்ளே நடந்தாலும் முடிவு வெளியே சொல்லப்பட வேண்டும்.

இந்த வரம்பு தானாக வந்ததன்று. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டுச் சட்டம் செய்தியாளர்களை மன்றக் கூட்டங்களுக்குள் அனுமதித்தது. சில மன்றங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன: முழு மன்றமும் தன்னை ஒரு “குழு” என்று அறிவித்துக்கொள்ளும், குழுக் கூட்டத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று கதவை மூடிவிடும். அந்த ஓட்டையை அடைப்பதற்காக ஒரு தனிநபர் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதை முன்மொழிந்து 1960 பிப்ரவரியில் தம் கன்னிப் பேச்சை நிகழ்த்தியவர், பிற்காலத்தில் பிரதமரான மார்கரெட் தாட்சர். அந்த ஆண்டே அது சட்டமாகி, செய்தியாளர்களோடு பொதுமக்களுக்கும் நுழைவுரிமை தந்தது. அவருடைய பிற்காலக் கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லாதவை பல. இந்தச் சட்டத்துக்காக அவருக்கு நன்றி சொல்லத் தயங்கமாட்டேன். கலிபோர்னியாவில் 1953 முதல் நடைமுறையில் இருக்கும் திறந்த கூட்டச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது; நிரலில் இல்லாத பொருளின் மீது, குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் தவிர, முடிவெடுக்கக் கூடாது என்கிறது. கதவு திறந்திருப்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். என்ன பேசப்போகிறார்கள் என்று தெரியாமல் உள்ளே போய் உட்காருபவர் வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

கேள்வி: சட்டம் அவ்வளவு கடுமையாக இருக்கும் இடத்தில் முறைகேடே நடக்காதா?

நடக்கும். அதே கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தைச் சேர்ந்த பெல் என்ற சிறிய, எளிய மக்கள் வாழும் நகரத்தில் 2010இல் வெளிவந்த செய்தி உலகையே திடுக்கிட வைத்தது. நகர மேலாளரின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர். பகுதிநேரப் பொறுப்பில் இருந்த மன்ற உறுப்பினர்களில் நான்கு பேர் ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் பெற்றுவந்தார்கள். பெயரளவுக்கு இருந்த வாரியங்களின் கூட்டங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். படித்தொகை மட்டும் மாதந்தோறும் வந்துவிடும். மாநிலச் சட்டம் விதித்த சம்பள வரம்பிலிருந்து நகரத்தை விலக்கிய சாசனம் 2005இல் தனியாக நடந்த ஒரு வாக்கெடுப்பில் நிறைவேறியது. முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த அந்த ஊரில் அன்று பதிவான வாக்குகள் நானூற்றுக்கும் குறைவு. சட்டம் இருந்தது, கதவும் திறந்தே இருந்தது, நாற்காலிகள்தான் காலியாக இருந்தன. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர்கள் கணக்கைக் கேட்டுப் போன பிறகே எல்லாம் வெளியே வந்தது. வழக்கு நடந்து, உறுப்பினர்கள் ஐவர் 2013இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள்.

கேள்வி: தன் குடும்பத்துக்கு ஆதாயம் தரும் ஒரு பொருள் வந்தால் உறுப்பினர் என்ன செய்ய வேண்டும்?

தம் தொடர்பை அறிவித்து, விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் பங்கு கொள்ளாமல், முடிந்தால் அறையைவிட்டே வெளியேற வேண்டும். அவர் உள்ளே அமர்ந்திருந்தால் சக உறுப்பினர்களால் மனம் விட்டுப் பேச முடியாது.

இந்தக் கவலை பழமையானது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் குடவோலை முறை இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து, ஊர்ப் பணிகளைக் கவனித்த குழுக்களான வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த அந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது, யாருடைய பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்ற பட்டியலைத்தான். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லித் தடை செய்கிறது அந்தக் கல்வெட்டு. அந்தச் சபை எல்லாருக்குமானதாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலவுடைமையும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம் இருந்தது. பெருமை பேசும்போது இந்தப் பகுதியை விட்டுவிடுவது சரியன்று.

கேள்வி: வரவு செலவுத் திட்டத்தில் மக்கள் நேரடியாகப் பங்கேற்க முடியுமா?

முடியும் என்பதைப் பிரேசில் நாட்டின் போர்த்தோ அலெக்ரே நகரம் 1989இல் காட்டியது. பகுதிவாரியாக மக்கள் கூடி, எந்தச் சாலை, எந்தக் கழிவுநீர்க் கால்வாய் முதலில் என்று முடிவு செய்து, தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியலின் அடிப்படையில் உருவான திட்டம் சட்டப்படி நகர மன்றத்தின் ஒப்புதலுக்குச் சென்றது. இந்த முறை பிறகு உலகெங்கும் பரவியது. 2014இல் பாரிஸ் நகரம் தன் முதலீட்டுச் செலவில் சுமார் 5 சதவீதத்தை மக்களின் வாக்குக்கு ஒதுக்கத் தொடங்கியது. ஆனால் பிறந்த ஊரிலேயே 2017இல் இது நிறுத்திவைக்கப்பட்டது. ஆட்சியாளரின் விருப்பத்தை மட்டும் நம்பி நடக்கும் ஏற்பாட்டுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. உங்கள் நகரத்தில் இதைக் கேட்கப்போகிறீர்கள் என்றால், இத்தனை சதவீதம், இந்த மாதத்துக்குள் என்று துணைவிதியாகவே எழுதக் கேளுங்கள்.

கேள்வி: மன்றம், குழு, கருத்துக் கேட்பு என்று இழுத்தடிப்பதால்தான் நகரங்கள் வளராமல் கிடக்கின்றன. துணிந்து செய்யும் ஒரு மேயர் போதாதா? (தொழில்முனைவோர் ஒருவர்)

உங்கள் பொறுமையின்மையில் நியாயம் இருக்கிறது. பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1972இல் மேயர் ஜெய்மே லெர்னர், முக்கியக் கடைவீதியொன்றின் பகுதியை ஒரு வார இறுதிக்குள் வாகனமில்லாத நடைவீதியாக மாற்றினார். எதிர்ப்பவர்கள் நீதிமன்றம் செல்வதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்பதே அவசரத்துக்குக் காரணம். முதலில் எதிர்த்த வணிகர்கள் பிறகு அதை விரிவுபடுத்தக் கேட்டார்கள். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு: அது இராணுவ ஆட்சிக்காலம்; அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்பட்ட மேயர். அவர் நல்லதைச் செய்தார். அதே அதிகாரத்தோடு வேறொருவர் ஒரு குடியிருப்பை வார இறுதிக்குள் இடித்திருந்தாலும் கேட்க வழி இருந்திருக்காது.

எனக்கு உகந்த முன்மாதிரி ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோம். நகர மையத்துக்குள் வரும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கும் யோசனையை அந்நகர மக்களில் பெரும்பாலோர் தொடக்கத்தில் வெறுத்தார்கள். வாதிட்டுக்கொண்டே இருக்காமல், 2006 ஜனவரி முதல் ஜூலை முடிய அதைச் சோதனையாக நடத்தினார்கள். எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பிறகு கட்டணத்தை நிறுத்திவிட்டு, செப்டம்பரில் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். நகரத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆதரித்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் வாக்கெடுப்பு நடத்தியவை பெரும்பாலும் எதிர்த்தன. ஆயினும் நாட்டின் அரசு ஏற்றுக்கொள்ள, 2007 ஆகஸ்ட் முதல் அது நிரந்தரமானது. திட்டத்தைக் காகிதத்தில் எதிர்த்தவர்கள் தெருவில் அனுபவித்துப் பார்த்து மனம் மாறினார்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவுகளுக்கு இந்த வேகம் போதும். மாற்ற முடியாதவற்றுக்கு, அதாவது நிலம் விற்றல், ஏரி நிரப்புதல், நீண்ட குத்தகை போன்றவற்றுக்கு, இழுத்தடிப்பு என்று நீங்கள் சொல்வதை நான் காவல் என்றே சொல்வேன்.

கேள்வி: எங்கள் தெருவின் நிலப் பயன்பாட்டை மாற்றும் பொருள் அடுத்த மாதம் மன்றத்துக்கு வருகிறது. எனக்குப் பேசிப் பழக்கமில்லை. மூன்று நிமிடம் தருவார்களாம். என்ன செய்வது? (இல்லத்தரசி ஒருவர்)

அடுத்த மாதம் வரை காத்திராதீர்கள். பொருள் மன்றத்துக்கு வருமுன் நிலைக்குழுவில் இருக்கும். அங்கே ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள், அவர்களுக்கு முடிவை மாற்ற நேரமும் இருக்கும். மன்றத்தில் மேசைக்கு வந்துவிட்டால், அநேகமாகக் கட்சிகள் தங்கள் நிலையை முன்பே முடிவு செய்திருக்கும். ஆகவே இந்த வாரமே நிகழ்ச்சி நிரலோடு இணைத்த அலுவலகக் குறிப்பின் நகலை வாங்குங்கள். அதில் உங்கள் தெருவின் அகலம், குடிநீர், கழிவுநீர்க் குழாய்களின் கொள்ளளவு, பள்ளி இருக்கும் தூரம் என்று என்னென்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தெருவில் வசிப்பவர் கண்ணுக்குத் தென்படும் பிழை அதில் ஒன்றாவது இருக்கக்கூடும். அந்தப் பிழையை எழுத்தில், அளவோடும் படத்தோடும், குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

மூன்று நிமிடத்தில் ஒன்றை மட்டும் பேசுங்கள். எழுதி வைத்துப் படிப்பதில் தவறில்லை. முதல் வாக்கியத்திலேயே பொருளின் எண்ணையும், நீங்கள் கேட்பது நிராகரிப்பா, திருத்தமா, ஒத்திவைப்பா என்பதையும் சொல்லிவிடுங்கள். பேசி முடித்ததும் எழுத்துப் பிரதியைச் செயலரிடம் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்போடு இணைக்கக் கேளுங்கள். பின்னால் வழக்கு என்று போனால் நீதிமன்றம் பார்க்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான். உங்கள் அண்டை வீட்டார் நால்வர் பேசாவிட்டாலும் பரவாயில்லை. உடன் வந்து உட்காரச் சொல்லுங்கள்.